கல்யாண வீடியோவில் தெரியும் கை

என் சாச்சி மகள் பெரிய நடிகையாகிவிட்டாள் என்பதை எங்கள் சொந்தக்காரர்கள் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். பதினெட்டு வருடமாக அவள் பேரை எடுத்தாலே பேச்சை மாற்றியவர்கள், படம் ஓடத் தொடங்கியதும் அவள் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து "எங்க வீட்டுப் பிள்ள" என்று எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாளாம்?

சாச்சி என்றால் அம்மாவின் தங்கை. அவர் மகளான இவள் கடலூர் ஓல்டு டவுனில் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். என்னை லாத்தா என்று கூப்பிடுவாள். அக்காவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். படத்தில் அவளுக்கு மீன் விற்கிற அம்மா வேடம். மார்க்கெட்டில் அவள் போடுகிற சண்டையைப் பார்த்து தியேட்டரில் விசில் பறந்தது. நானும் அடித்திருப்பேன், எனக்கு அடிக்கத் தெரியாது.

அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அவளுடைய பழைய கல்யாண வீடியோவை எவனோ தோண்டி எடுத்து, "கல்யாணமாகி நாலாம் நாள் ஓடிப்போன நடிகை" என்று போட்டுவிட்டான்.

ஓடியது உண்மைதான். சிதம்பரத்தில் கல்யாணம். நாலாம் நாள் மறுவீட்டுக்குக் கடலூர் வந்தவள், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டாள். ஊருக்கு அந்தத் 'தனியாக' பிடிக்கவில்லை. புவனகிரிக்காரனோடு போனாள் என்றார்கள் சிலர், குறிஞ்சிப்பாடிக்காரன் என்றார்கள் சிலர். அவளைக் கட்டியவர் தலாக் சொல்லி வேறு கல்யாணம் செய்துகொண்டார். பாவம், இன்றுவரை அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. கேமராவோடு தன் கடைக்கு வந்தவர்களைக்கூட "வேற வேல இருந்தா பாருங்க" என்று துரத்திவிட்டாராம்.

எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தது நிக்காஹ் நேரத்துக் காட்சியை. மாப்பிள்ளை ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பார். சாட்சிகள் இரண்டு பேர் பெண் இருக்கிற அறை வாசலுக்கு வந்து சம்மதம் கேட்பார்கள். பெண் வாயைத் திறந்து பதில் சொன்னால் வெட்கம் கெட்டவள் என்று எங்கள் வீடுகளில் அப்போது பேசுவார்கள். தலை குனிந்தால் போதும், அதுதான் சம்மதம். பக்கத்தில் மூத்தவள் ஒருத்தி முக்காட்டின் மேல் கை வைத்தபடி நிற்பாள். வீடியோவில் சாட்சி கேட்கிறார், முக்காடு போட்ட தலை குனிகிறது. கீழே ஆயிரக்கணக்கில் கமெண்ட். "தலைய ஆட்டிட்டு ஏமாத்திட்டா." "அப்பவே என்னா நடிப்பு!"

அவளே போன் செய்தாள். அடுத்த படத்துக்குப் பேசியிருந்தவர்கள், இது அடங்கட்டும் பார்க்கலாம் என்று இழுக்கிறார்களாம். "கை நழுவிப் போயிடும் போலருக்கு லாத்தா. ஆனா நீ எவனுக்கும் பேட்டி கீட்டி குடுத்துடாத. நான் இங்க இருக்கேன், நீ அந்த ஊர்லதான இருந்தாவணும்" என்றாள். என் நல்லதுக்காகச் சொன்னாள். எனக்கும் அது வசதியாக இருந்ததால் சரி என்றேன்.

மறுநாள் என் தையல் கடைக்கு மைக்கோடு ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தாள். "அவங்க சம்மதிச்சுதான மேடம் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க? வீடியோவுல தெளிவா இருக்கே" என்று போனை நீட்டினாள்.

தெளிவாகத்தான் இருந்தது. தலை குனிகிறது. அதன் மேல் மருதாணி போட்ட ஒரு கை. இத்தனை பேர் பார்த்தார்களே, ஒருத்தருக்காவது அந்தக் கை கண்ணில் பட்டதா?

கொக்கி தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை மடியில் வைத்தேன். "இது என் கை. அவ தலைய ஆட்டல. நாந்தான் அழுத்துனேன்" என்றேன்.

அந்தப் பெண் மைக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். ஆரம்பித்தபின் என்னால் நிறுத்த முடியவில்லை. "சாட்சி கேக்கறப்ப, 'எனக்கு வேணாம் லாத்தா'ன்னு எங்கிட்ட சொன்னா. மாப்ள வீட்டுக்காரங்கல்லாம் வந்து ஒக்காந்துட்டாங்க. பிரியாணி தேக்சாவ எறக்கியாச்சு. சபையில மானம் போயிடுமேன்னு பயந்துட்டேன். அழுத்திட்டேன்."

என் நிக்காஹில் என் தலையையும் பெரியம்மா இப்படித்தான் அழுத்தினார். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அதனால் அழுத்தியதே தெரியவில்லை. பிடிக்காதவளுக்கு அந்தக் கை எவ்வளவு கனத்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்காமல் இருந்துகொண்டேன் என்பதுதான் சரி.

சாயந்திரமே அது வெளியாகிவிட்டது. என் அண்ணன் போனில் கத்தித் தீர்த்தார். தைக்கக் கொடுத்திருந்த துணியை இரண்டு பேர் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவளைத் திட்டியவர்கள் இப்போது என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். திட்டட்டும், அது எனக்கு வரவேண்டியதுதான்.

மஃரிப் தொழுது முடித்திருந்தேன், அவள் கூப்பிட்டாள். அழுதிருந்தாள், குரலே சொன்னது. ஏன் பேசினாய் என்று கேட்பாள் என நினைத்தேன்.

"அன்னிக்கி நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சா லாத்தா?" என்றாள். "ஒரே சத்தமா இருந்துச்சே. ஒனக்குக் கேக்கலன்னுதான் இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"கேட்டுச்சும்மா" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.