அக்காவின் முகமும் ஓர் எச்.பி. பென்சிலும்

போன கிழமை எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சை ஒரு பென்சில் கவிழ்க்கப் பார்த்தது. சாதாரண எச்.பி. பென்சில்!

என் அக்கா திருகோணமலை டவுணில் ஒரு ஸ்டூடியோவில் ரீடச்சிங் செய்கிறாள். தெரியாதவர்களுக்கு — நெகட்டிவ்வில் கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்து வடுக்களை மறைக்கிற வேலை. துறைமுகத்து மாப்பிள்ளைகள் பாதிப்பேர் அவள் கையால்தான் அழகர்கள் ஆனார்கள்.

அக்காவின் கன்னத்திலும் அம்மைத் தழும்பு உண்டு. மட்டக்களப்பு மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்றதும், அம்மா அதை மறைத்துவிடச் சொன்னார். அக்காவும் மறைத்தாள். படத்தில் வழவழவென்று ஒரு பொம்மை... யார் இது?

ஞாயிறு பூசை முடிந்து வந்தவள், அலுமாரிக் கண்ணாடி முன்னால் கதிரையைப் போட்டாள். மடியில் வெள்ளைத் தாள். கையில் அதே பென்சில். இந்த முறை மறைக்க அல்ல.

துறைமுகப் பக்க யன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். தழும்பை அவள் வரையவே இல்லை! சுற்றிலும் மெல்ல நிழல் போட, அது தானாக எழுந்தது. விரலால் தேய்த்தாள், கன்னம் மெத்தென்றானது. கண்ணுக்கு வந்ததும் அழுத்தினாள். நுனி முறிந்தது. சீவிவிட்டு மறுபடி அழுத்தினாள்.

தன்னைத் தானே அப்படி உற்றுப் பார்க்க என்ன துணிச்சல் வேண்டும்! முடித்ததும் தாளை என்னிடம் நீட்டினாள்.

"இதையும் கவருக்குள்ள வைக்கப்போறன். அம்மாட்டச் சொல்லாத."

"உனக்கென்ன விசரே அக்கா? மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமெண்டிட்டா?"

"இப்பவே சொல்லட்டும். தாலி கட்டினாப் பிறகு கிட்ட வந்து பாத்து முகம் சுளிச்சா, நான் எங்க போறது?"

வெள்ளிக்கிழமை கவர் திரும்பி வந்தது. படம் திரும்பினால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், அதுதானே ஊர் முறை? உள்ளே ஸ்டூடியோப் படம். ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. அம்மா கண்ணைத் துடைக்கத் தொடங்கினார்.

அக்கா கவரைத் தலைகீழாகக் கொட்டினாள். விரல் விட்டுத் துழாவினாள். பென்சில் படம் இல்லை.

"அழாதீங்கம்மா. நான் வரைஞ்ச படத்தையும் வச்சனான். அது வரேல்ல. நான் அங்கதான் இருக்கிறன்... இந்த ஸ்டூடியோப் பொம்மையைத்தான் திருப்பி அனுப்பியிருக்கினம்."

மறுநாளே தந்தி. பெண் பார்க்க வருகிறார்களாம், மாப்பிள்ளையும் கூடவே!

மறைக்கவும் காட்டவும் ஒரே கரிமுனைதான். பிடிக்கிற கைதான் முடிவெடுக்கிறது.

அம்மா புது பவுடர் டின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதை நான் ஒளித்துவிட்டேன்.