ரெக்கார்டில் ஏறாத பெயர்

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருக்கிறார் அரசப்பன். மணவாள நகர் வீட்டில் காலைக் காய்கறி வேலை அவருடையது. இரண்டு முனையும் கிள்ளி, நார் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்கத் தாம்பாளத்தில் அடுக்குவார். ராணுவ ரெக்கார்டு ஆபீஸில் இருபத்து நான்கு வருடம் சிப்பாய்களின் பைல்களை அடுக்கிய கை அது.

ரிட்டையர் ஆகியும் வேலை அவரை விடவில்லை. ஊத்துக்கோட்டையிலிருந்தும் கவரைப்பேட்டையிலிருந்தும் பழைய காகிதங்களைக் கேரிபேக்கில் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். எந்தச் சண்டையிலோ போன அண்ணன், பென்ஷன் வராத புருஷன். பெயரைச் சொல்லி ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "பேரு எவனுக்கு வோணும்? பட்டாள நம்பர் சொல்லு." நம்பர் கிடைத்துவிட்டால் எந்த ஆபீஸுக்கு எழுதுவது என்று சொல்லி, கடிதத்தையும் அவரே எழுதிக் கொடுப்பார்.

போன வாரம் பட்டாளத்துப் புருஷனைப் பற்றித் தகவல் கேட்டு வந்த பூவம்மாளை அழவைத்து அனுப்பினார். "உன் ஊட்டுக்காரன் கல்யாணத்த ரெக்கார்டுல ஏத்தினானா? ஏத்தலன்னா ஆபீஸுக்கு நீ யாரும்மா? செத்தாகூட உனுக்குச் சொல்ல மாட்டான்." அடுப்படியில் மருமகள் ஏஞ்சலினின் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது அவர் காதில் விழுந்தது.

நேற்றிலிருந்து டிவியில் எல்லைச் சண்டை. ஐந்து வீரர்கள் பலி; குடும்பத்துக்குச் சொன்ன பிறகுதான் பெயரை வெளியிடுவார்களாம். சிப்பாயான மகன் பரத் இருப்பது அந்தப் பக்கம். அவன் போன் இரண்டு நாளாக ஸ்விட்ச் ஆஃப்.

அரசப்பன் தன் போனைக் குளிக்கப் போகும்போதும் கொண்டுபோகிறார். யாரைக் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பரத்தின் ரெக்கார்டில் இருப்பது அப்பாவின் பெயர், அப்பாவின் நம்பர். மாதா கோயிலில் நடந்த அந்தக் கல்யாணம் அவருக்குப் பிடிக்கவில்லை. யூனிட்டுக்கு அனுப்பச் சொல்லி மகன் கொடுத்துவிட்டுப் போன மேரேஜ் சர்டிபிகேட் எட்டு மாதமாக அவருடைய டிரங்குப் பெட்டியில், பழைய கம்பளிக்கு அடியில் கிடக்கிறது. "அனுப்பிச்சிட்டேன்டா" என்று போனில் சொன்னவரும் அவர்தான்.

ஏஞ்சலின் நாஷ்டா தட்டோடு வருகிறாள். "காய்கறி பரேடு முடிஞ்சுதா மாமா?" என்று தினமும் கேலி செய்கிறவள் இன்று செய்யவில்லை.

"அஞ்சுன்னு சொன்னான். இப்ப ஏழுன்றான் மாமா."

"சாயங்காலம் வேற சொல்லுவான். நம்பர் வர வரிக்கும் எதையும் நம்பாத."

"ஊருக்கெல்லாம் ஆபீஸுக்கு எழுதிக் கேக்குறீங்க. அவருக்காக ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கக்கூடாதா?"

போட்டால் பதில் வந்துவிடும். அரசப்பன் அடுத்த காயை எடுக்கிறார். விரலுக்கு நார் அகப்படவில்லை.

"சரி, வுடுங்க. எதுனா இருந்தா மொதல்ல எனுக்குத்தான போன் வரும்? என் பேர ஏத்தியாச்சுன்னு அவரு சொன்னாரே. ஏறிடுச்சுல்ல மாமா?"

நார் எடுக்காத காயை அப்படியே அடுக்கில் வைக்கிறார். தரையிலிருந்த போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டு, பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எழுந்து வெளியே போகிறார்.