ஞாயிற்றுக்கிழமை வேன்

திருப்பூரில் ஞாயிறு காலை. சாயப்பட்டறைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பெண்கள் கபடிப் போட்டி நடக்கிறது. நீலச்சட்டை அணியின் ஏழு பேரும் ஒரே பனியன் கம்பெனியில் தைப்பவர்கள். ஏற்றுமதியில் கழித்துப் போட்ட சட்டைகள் அவை. முதுகில் எண்களை அவர்களே தைத்திருக்கிறார்கள்.

கோட்டோரமாகக் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. ஓட்டுநர் விடாமல் ஹார்ன் அடிக்கிறார்.

"ஏறுங்க கண்ணு! ஷிப்மெண்ட் அவசரமாம், இன்னைக்கும் டூட்டியாம்!"

ஒருத்தியும் திரும்பிப் பார்ப்பதாக இல்லை. அவுட்டாகி, முழங்கையெல்லாம் மண்ணோடு, கோட்டோரம் ஆட்டம் பார்க்கும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நீலச்சட்டைக்காரியிடம் கேட்கிறேன்.

"போகலைன்னா வேலையை விட்டு நிறுத்திட மாட்டாங்களா?"

"நிறுத்தட்டும் சார். ஏழு பேரும் ஒரே லைன்ல தைக்கோம். எங்களை நிறுத்தினா லைனே நின்னுரும்லா?" என்கிறாள் தெற்கத்திப் பேச்சில். "ஆறு நாளு அவங்க சொல்லுத இடத்துக்கு வண்டி ஏறுதோம். இன்னைக்கு ஏற மாட்டோம்."

ஓட்டுநரின் போன் அடிக்கிறது. எடுத்ததும் சூப்பர்வைசர் கத்துவது எனக்கே கேட்கிறது. ஓட்டுநர் ஒரு நிமிடம் ஆட்டத்தைப் பார்க்கிறார். பிறகு வேன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, போனை மைதானத்தின் பக்கம் நீட்டுகிறார்.

"நீங்களே கேட்டுக்கோங்க சார்."

கபடி கபடி கபடி கபடி. பாடிப் போனவள் இன்னும் மூச்சை விடவில்லை.