நான் எழும்பிப் போன வழக்குகள்

நீதிபதி வேலையில் மிகவும் கஷ்டமான பகுதி வாயை மூடிக்கொண்டிருப்பது. கோயில் நிர்வாக சபையிலோ பழைய மாணவர் சங்கத்திலோ தேர்தலில் நின்று வென்று, அடுத்த நாளே ஏன் வென்றோம் என்று தலையில் கைவைத்த அன்பர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாக விளங்கும்.

பெரிய நீதிபதி என்று நினைத்துவிட வேண்டாம். நான் பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன். இந்த நாட்டில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் வரும் பிணக்கைத் தீர்க்க 'புறுதோம்' என்றொரு நீதிமன்றம் உண்டு. முதலாளிகள் தெரிந்தெடுத்த இரண்டு பேரும், தொழிலாளிகள் தெரிந்தெடுத்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வழக்குக் கேட்பார்கள். 2008 கடைசியில் நடந்த தேர்தலுக்கு எங்கள் தொழிற்சங்கம் தன் பட்டியலில் என் பெயரையும் போட்டது. தமிழ்ச் சமையல்காரர்களின் வாக்கு விழும் என்று அவர்களுக்கு ஒரு நப்பாசை.

அட்டை

அந்தத் தேர்தலில் வாக்களிக்கப் பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை; முதலாளி மாதாமாதம் எழுதித் தரும் சம்பளத் துண்டோடு ஒழுங்காக வேலை செய்தால் போதும். அதனால் இந்த நாட்டில் வேறெந்த வாக்கும் இல்லாத எங்கள் ஆக்கள் பலருக்கு வீடு தேடி வாக்காளர் அட்டை வந்தது. அரசாங்கக் கடிதம் என்றாலே எங்கள் ஆக்களுக்குப் பயம். இந்தக் கடிதத்தில் நீதிமன்றத்தின் பெயர் வேறு இருந்தது.

புறநகரான சென் தெனியில் இருந்து ஒருவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு என்னைத் தேடி வந்தார். தேத்தண்ணிக் கடையில் என் முன்னால் இருந்து, நாட்டுக்கு வந்த நாளில் இருந்து சேர்த்த கடிதமெல்லாம் நிறைந்த பையைத் திறந்தார். தான் ஒரு பிழையும் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணினார். இது வழக்கு இல்லை, வாக்கு என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அட்டையைப் பத்திரமாக மடித்து வைத்தார்.

"ஓம் அண்ணை, விளங்குது. உங்களுக்குத்தான் போடுவன். ஆனா முதல்ல இதை ஒருக்கா லோயரிட்டைக் காட்டிப்போட்டு வாறன்."

முதலாளியின் வாக்கு

எப்படியோ வென்றுவிட்டேன். லா சப்பலில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் இரத்தினம் அண்ணை என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு இறங்கி வந்து கட்டிப்பிடித்தார். அவருடைய மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டில் நான் பந்தியில் பரிமாறியிருக்கிறேன். வயதில் அவர் மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், ஆனாலும் அவரும் என்னை அண்ணை என்பார். விடிய முதல் ஆளாகப் போய் எனக்குத்தான் வாக்குப் போட்டதாகக் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

முதலாளிகளுக்கு வேறு பட்டியல், வேறு பெட்டி. அவர் தலைகீழாக நின்றாலும் எனக்குப் போட்டிருக்க முடியாது. நான் சும்மா சிரித்துவிட்டு வந்திருக்கலாம். புது நீதிபதி அல்லவா, சட்டத்தை விளக்கினேன். அவர் பிடித்த கையை விடவில்லை.

"அது உங்கட சட்டம் அண்ணை. நான் மனசால போட்டனான்."

மெடல்

2009 தொடக்கத்தில் சத்தியப் பிரமாணம். படத்தில் பார்க்கிற மாதிரிக் கறுப்பு அங்கி தருவார்கள் என்று மனைவி படம் எடுக்க ஆள்கூடப் பிடித்து வைத்திருந்தாள். அங்கி கிடையாதாம், நாடாவில் கோத்த ஒரு மெடலைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். பிரமாணம் முடிந்து மெடலும் கையுமாக லா சப்பலில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடைக்குப் போனோம், மனைவியின் தோட்டுக்குப் பின்னால் பூட்டும் சுரையை மாற்ற. கடைக்காரர் மெடலைக் கையில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு, செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் திருப்பித் தந்தார்.

"இதில பொன் இல்லை அண்ணை. போட்டுக்கொண்டு போங்கோ, ஒருத்தரும் அறுக்கமாட்டினம்."

தெரியாத தமிழர்

வழக்குக்கு வந்தவரைத் தெரிந்திருந்தால் நீதிபதி எழும்பிப் போக வேண்டும். வேறொருவர் வந்து அந்தக் கதிரையில் இருப்பார். நல்ல சட்டம்தான். ஆனால் தமிழ் ஆக்களின் வழக்கு வந்தால் ஒன்று முதலாளியின் வீட்டில் சாப்பிட்டிருப்பேன், இல்லை தொழிலாளியோடு அறையில் இருந்திருப்பேன். எங்கள் ஆள் ஒருவன் அங்கே இருக்கிறான் என்று வாக்குப் போட்டவர்கள் நம்பி வருவார்கள். அவர்கள் உள்ளே வர, நான் வெளியே போவேன். வெட்கமாக இருக்கும்.

முதலாளிகள் பக்கத்து நீதிபதி ஒருவர், செருப்பு, சப்பாத்துக் கடை வைத்திருக்கும் அம்மையார். அவர் தலைமை தாங்கிய நாட்களிலேயே மூன்று முறை எழும்பியிருக்கிறேன். மூன்றாம் முறை என் காதோடு சொன்னார்.

"பாரிஸில் உங்களுக்குத் தெரியாத தமிழர் ஒருவர் இருந்தால் சொல்லுங்கள், அவரோடு ஒரு வழக்கு உண்டாக்கலாம்."

அண்ணை

யோகா வன்னியில் இருந்து யுத்தம் முடிந்த பிறகு வந்தவள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, இரத்தினம் அண்ணையின் கடையில் ஒன்றரை வருசம் சட்டி கழுவினாள். ஒரு சம்பளத் துண்டுகூட அவர் கொடுக்கவில்லை. அந்தத் துண்டுகள் இருந்தால் வேலையைக் காட்டி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் எந்த நாளும் பொலிசைக் கண்டு ஒதுங்கி நடக்க வேண்டியதுதான். என்னிடம் வழி கேட்டாள். தொழிற்சங்கத்தின் விலாசத்தை மட்டும் கொடுத்தேன்.

வழக்கு நாளில் நான் கதிரையில் இருப்பதைக் கண்டு அவள் முகம் மலர்ந்தது. நான் எழும்பினேன். வாசலைத் தாண்டும்வரை அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே நடந்ததை என் இடத்தில் இருந்தவர் பிறகு சொன்னார். இரத்தினம் அண்ணை, யோகா தன் சொந்தக்காரி, உதவிக்கு வந்தவள், தன்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள், தங்கச்சிக்கு யாராவது சம்பளத் துண்டு எழுதுவார்களா என்று கேட்டிருக்கிறார். சப்பாத்துக் கடை அம்மையார் யோசிக்கத் தொடங்கிவிட்டாராம். லா சப்பலில் மீன் வெட்டுகிறவரும் எங்களுக்கு அண்ணைதான் என்று சொல்லக்கூடிய நான் கதவுக்கு வெளியே. மொழிபெயர்க்க வந்தவரும் தமிழர்தான். அவருக்கும் சொந்தமாக வாய் திறக்க அனுமதியில்லை.

"அப்படித்தான் கூப்பிடுவீர்களா?" என்று அம்மையார் யோகாவைக் கேட்டாராம். அவள் என் கதிரையைக் காட்டியிருக்கிறாள்.

"ஓம். இப்ப எழும்பிப் போனவரையும் அண்ணையெண்டுதான் கூப்பிடுறனான். அண்ணையெண்டாலே சொந்தமெண்டால் அவரின்ர வீட்டிலயும் எல்லே நான் சட்டி கழுவியிருக்க வேணும்?"

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது: அத்தனை மாதத்துக்கும் சம்பளத் துண்டு கொடுக்க வேண்டும். இரத்தினம் அண்ணை தெருவில் என்னை மறித்து, எனக்குப் போட்ட வாக்கு வீணாகிவிட்டது என்று குறைப்பட்டார். யோகா தீர்ப்பைக் கொண்டுவந்து காட்டினாள். அன்றைக்கு விட்டுவிட்டுப் போனதற்கு என்னை மன்னிக்கச் சொன்னேன்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. நீங்கள் இருந்திருந்தா, நீங்கள் வெண்டு தந்ததெண்டு சனம் சொல்லும். இப்ப நான் வெண்டனான்."

அடுத்த தேர்தலைத் தள்ளித் தள்ளி வைத்து, 2017 முடிவோடு தேர்தலையே நிறுத்தி, நியமனம் என்று மாற்றிவிட்டார்கள். ஆக, ஒரேயொரு தேர்தலில் நின்று, தோற்க வழியில்லாமல் ஒன்பது வருசம் இருந்த கதிரையில் எங்கள் ஆக்களுக்கு நான் செய்த ஒரே உபகாரம், அதைவிட்டு எழும்பினதுதான்.