வசாபியின் உறைப்பு

டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில், ஒரு ஜப்பானியச் சூஷிக் கடையின் சமையலறையில் வேலை செய்கிறேன். என் கணவருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்த கிழமை, அங்கே தலைமைச் சமையற்காரர் சொன்னார்: ஜப்பானில் பச்சை மீனோடு வசாபி என்ற பச்சை நிற உறைப்புப் பசையைச் சாப்பிடுவது வயிற்றுக் கிருமியைக் கொல்லத்தானாம். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரி மருந்தோடு இதுவும் சேரட்டும் என்று மூன்று டியூப் வாங்கி பிரிட்ஜ் கதவில் வைத்தேன்.

"மத்தியானச் சோத்தோட பட்டாணியளவு சாப்பிடுங்கோ," என்றேன்.

"ஓம்," என்றார்.

அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வரும்போது அவருடைய கண்கள் சிவந்திருக்கும்.

"என்னப்பா, கண்ணெல்லாம்?"

"உன்ர வசாபிதான். மண்டை வரைக்கும் ஏறுது."

"உறைச்சாத்தான் வேலை செய்யும்," என்று சந்தோஷப்படுவேன். கண் சிவக்காத நாட்களில், "இண்டைக்குச் சாப்பிடேல்லையோ?" என்று கோபித்தும் இருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் அவர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்தபிறகு பிரிட்ஜைத் துப்புரவாக்கினேன். வாங்கி வைத்த பிறகு அந்த டியூப்களை நான் தொட்டதில்லை. மூன்றும் கனமாக இருந்தன. ஒவ்வொன்றாக மூடியைத் திருகிப் பார்த்தேன். வாயில் ஒட்டியிருந்த வெள்ளித்தாள் மூன்றிலும் கிழியவேயில்லை.

நான் வேலையில் நின்ற நேரமெல்லாம் அவர் தனியாக இருந்து அழுதிருக்கிறார். அதற்கு ஒரு காரணத்தையும் நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போதும் கடையில் தட்டுத் தட்டாக வசாபி வைக்கிறேன். கண் கலங்கினால், உறைப்பு என்கிறேன். ஒருவரும் மறுகேள்வி கேட்பதில்லை.