கேப்டன் மகுடேஸ்வரனின் தீ ஒத்திகை

நான் கேப்டன் மகுடேஸ்வரன். சொந்த ஊர் வெள்ளகோவில். பட்டாளத்தில் ஐந்து வருடம் அதிகாரியாக இருந்தேன் என்றால் ஊரில் எழுந்து நிற்கிறார்கள். அத்தனை வருடமும் ரேஷன் கிடங்கில் வெங்காயத்தைக் காவல் காத்தேன் என்பதை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. பயிற்சியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டேன். பக்கத்து ஆளின் இலக்கில் குண்டு பாய்ந்தது. பாராட்டு அவனுக்குக் கிடைத்தது.

எனக்கு எல்லாமே பயம். நாய் பயம், இடி பயம், லிப்ட் பயம். மீசையை மட்டும் பெரிதாக வளர்த்துக்கொண்டேன்.

அந்த மீசையை நம்பித்தான் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் சிவசுப்பிரமணியம் என்னைப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கினார். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்காகத் தீ ஒத்திகை நடத்துவது என் வேலை. கொஞ்சம் புகை போடுவேன், மணி அடிப்பேன். தையல்காரர்கள் வரிசையாக, ஓடாமல், சிரித்த முகத்தோடு இறங்க வேண்டும். போட்டோ எடுப்போம். பிறகு டீ, வடை. யாரும் பயந்துவிடக் கூடாதென்று நானே அப்படிப் பழக்கி வைத்தேன்.

இந்தக் கோடையில் ஒரு மத்தியானம் இரண்டாம் மாடியில் நின்றிருந்தேன். கீழே துணி குடோனிலிருந்து மேற்குப் படி வழியாகக் கறுப்பாகப் புகை ஏறியது. நான் போட்ட புகை அல்ல. மணியை அடித்தேன். ஒருவரும் எழவில்லை.

"ஏனுங்க சார், இன்னிக்கு ஷிப்மெண்ட்டுங்க. டிரில்ல நாளைக்கு வெச்சுக்கலாமுங்களே?" என்றார் சூப்பர்வைசர் சாமியப்பன்.

"டிரில் இல்லீங்க! நெசமாவே தீயுங்க!"

"போன தடவையும் இப்படித்தானுங்களே புகை போட்டீங்க."

தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த கருத்தம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "சார், இன்னைக்கு வடையா, போண்டாவா?"

அந்த மாடியில் இருநூறு பேர். கிழக்குப் படி ஒன்றுதான் மிச்சம். அதிலும் புகை ஏறிவிட்டால் அத்தனை பேரும் போய்விடுவோம். கட்டளையிட வாயைத் திறந்தேன். "ஐயோ அம்மா!" என்றுதான் வந்தது. செருப்பு கழன்றது. துணிக்கூடை தடுக்கி விழுந்தேன். எழுந்து, வாய்விட்டு அழுதபடி கிழக்குப் படியை நோக்கி ஓடினேன்.

"ஏட்டி, சார் அழுவுதாரு! நெசந்தான், எந்திரிங்கடி!" என்று கருத்தம்மா அலறினாள்.

மெஷின்கள் நின்றன. எல்லோரும் என் பின்னால் ஓடி வந்தார்கள். கடைசி ஆள் இறங்கிய சற்று நேரத்தில் அந்தப் படியையும் புகை அடைத்தது.

சிவசுப்பிரமணியம் எனக்குச் சால்வை போர்த்தினார். "எங்க கேப்டன் முன்னால நின்னு எல்லாரையும் காப்பாத்துனாருங்க" என்றார். முன்னால் ஓடியது உண்மைதான். கருத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், காட்டிக்கொடுக்கவில்லை.

போன வாரம் மறுபடியும் ஒத்திகை. மணி அடித்தேன். ஒருவரும் படியைப் பார்க்கவில்லை. இருநூறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சார் பயப்படலைல்லா? ஒண்ணுமில்லட்டி, தைங்க" என்றாள் கருத்தம்மா.

அன்றிலிருந்து காய்ச்சல் என்றாலும் லீவு போடுவதில்லை. நான் இல்லாத நாளில் தீப்பிடித்தால், அவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள்?