கம்ப்ரசர் ஓட்டிய கார்

நான் ஊரைவிட்டுப் புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை. அன்று காலை மருந்துக் கடையொன்றில் குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. அண்ணி என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு அங்கே ஓட வேண்டும். ஸ்கூட்டரில் அவர் கால்களுக்கு நடுவே கருவிப் பை, பின்னால் நான், என் முதுகில் மூன்று மாதத்துக்கென்று கட்டிய மூட்டை. அந்த மூன்று மாதம் மூன்று வருஷத்துக்கு மேல் நீண்டது வேறு கதை.

பேருந்து நிலைய வாசலில் மூட்டையை ஒருமுறை தோளில் மாற்றிப் போட்டதும் தெரிந்துவிட்டது, இத்தனை கனத்தோடு நான் எங்கும் போய்ச் சேர மாட்டேன் என்று. உள்ளே கைவிட்டு லேப்டாப்பை எடுத்து அண்ணியிடம் நீட்டினேன். வேலைக்கென்று வாங்கிய நடுத்தர ரகம். பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை, தூக்கிப் போடவும் மனசு வராது.

"இத வெச்சு நான் என்னடி பண்றது?"

"பில் போடுங்க அண்ணி."

"பில்லு போடத் தெரியாமத்தான் ஃப்ரிட்ஜுக்குள்ள தலைய விட்டுட்டு இருக்கேனாக்கும்." வாங்கிக் கருவிப் பைக்கு மேல் வைத்துக்கொண்டார். "சரி, போய்ட்டு வா ஊர்சுத்தி. மருந்தெல்லாம் கெட்டுப்போயிடும்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

அண்ணி குளிர்சாதன மெக்கானிக். வீட்டு முன்னறைதான் கடை. கழற்றிய கம்ப்ரசர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும், செம்புக் குழாய்ச் சுருள்கள் ஆணியில் தொங்கும். வாசலில் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் அண்ணியைப் பார்த்து, "மெக்கானிக் இல்லீங்களா?" என்பார்கள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே, "இருக்காங்க. என்ன ஃப்ரிட்ஜு?" என்பார். கோபமெல்லாம் கிடையாது. வேலை முடிந்து காசு வாங்கும்போது அவர்கள் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். நாற்பதுக்கு மேல் முள் ஏறினால் தனக்கே வியர்க்கும் என்று சொல்வான். அவன் மனைவிக்கு நான்கு சக்கரம் எதையும் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை. அப்படிப்பட்டவர் கையில்தான் என் லேப்டாப் வழியாக ஒரு கார்ப் பந்தய விளையாட்டு வந்து சேர்ந்தது.

முதலில் பில்தான் போட்டிருக்கிறார். பிறகு சீட்டு விளையாட்டு. பிறகு இலவசமாகக் கிடைத்த ஒரு சின்னப் பந்தயம். அதற்குப் பிறகு பெரிய விளையாட்டு. மழை பெய்தால் தார்ச்சாலையில் ஈரம் பளபளக்கும், டயர் தேய்ந்தால் வளைவில் கார் இழுக்கும் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டுக் காட்டுகிற ரகம். என் லேப்டாப் அதற்குத் தோதில்லை. ஆனாலும் அண்ணி ஓட்டினார். ஏதோ ஒரு ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் படம் வரும். கார் தலைகீழாகக் கிடக்கும், கீழே ஒரு வரி: "பிரேக் நல்லாத்தான் புடிச்சேன்."

இரண்டாம் வருஷம் இணையத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு பந்தயக் குழுவில் சேர்ந்துவிட்டார். இருபது பேருக்குத்தான் இடம். யாரும் யாரையும் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. வைத்துக்கொண்ட பெயர்தான் தெரியும். அண்ணியின் பெயர் 'கம்ப்ரசர்'.

"அங்க ஒருத்தனும் மெக்கானிக் எங்கன்னு கேக்க மாட்டான்டி" என்று ஒருமுறை போனில் சொன்னார். "கம்ப்ரசர் எத்தனாவது வந்துச்சுன்னுதான் கேப்பான்."

நான் திரும்பி வந்தபோது குழுவில் அவருக்கிருந்த அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் லேப்டாப்பைப் பார்த்தேன். அடிமூடி இல்லாமல், குடல் தெரிய, இரண்டு மரக்கட்டைகள்மேல் நின்றுகொண்டிருந்தது.

"என்ன அண்ணி இது?"

"உயிரோடத்தான் இருக்கு. கை கால் கழுவிட்டு வா, சொல்றேன்."

விஷயம் இதுதான். உள்ளே இருக்கும் சிப் ஓர் எல்லைக்கு மேல் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது படம் திணறும். நம் திரையில் திணறினால் நமக்குத்தான் கஷ்டம். ஆனால் பலபேர் சேர்ந்து ஓட்டும்போது, அந்தத் திணறலில் நம் கார் எங்கே இருக்கிறது என்ற செய்தி மற்றவர்களுக்குப் போய்ச் சேராது. அவர்கள் திரையில் நம் கார் மறைந்து, தவளைபோல் தாவி, வேறோர் இடத்தில் முளைக்கும். அண்ணியின் கார் அப்படித் தாவி ஒரு பச்சைக் காரின் முதுகில் இறங்கியிருக்கிறது. இரண்டு முறை. இரண்டு முறையும் அதே பச்சைக் கார். அதை ஓட்டுபவன் புகார் செய்ய, குழுவை நடத்துபவர் எழுதிவிட்டார்: இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்திலும் கம்ப்ரசர் தாவினால், இடம் வேறொருவருக்குப் போகும்.

"புதுசா ஒண்ணு வாங்கிடேன்" என்றான் அண்ணன், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"கூலிங் இல்லன்னு வர்றவங்ககிட்ட, புதுசு வாங்கிக்கோங்கன்னு நான் ஒருநாளாச்சும் சொல்லியிருக்கேனா?"

அவன் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனான்.

அண்ணியின் திட்டம் இரண்டு பகுதி. முதலாவது, ஓவர்கிளாக். சிப் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று தொழிற்சாலையில் தீர்மானித்து அனுப்புகிறார்கள். கொஞ்சம் ஜாக்கிரதையாகவே வைப்பார்கள். அந்த ஜாக்கிரதையில் ஒரு பங்கை நாம் எடுத்துக்கொள்வதுதான் ஓவர்கிளாக். அதற்கென்று இருக்கும் மென்பொருளில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு பொத்தான். கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் நகர்த்த வேண்டும். வேகம் கூடினால் சூடும் கூடும். அதற்குத்தான் இரண்டாம் பகுதி: குளிர்.

"ஊர்ல இருக்கிற சூட்டையெல்லாம் நான் பாத்துட்டு இருக்கேன். கையகல சிப்பு எனக்கு வேலை காட்டுதா?"

மறுநாளே பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றிலிருந்து உறைபெட்டித் தகட்டை அதன் கம்ப்ரசரோடு சேர்த்துக் கழற்றி மேசைமேல் படுக்க வைத்தார். அதன்மேல் மெல்லிய ரப்பர் விரிப்பு, அதன்மேல் லேப்டாப். பிளக்கைச் செருகியதும் திரையோரத்தில் சூட்டைக் காட்டும் எண்கள் இறங்கின. தொண்ணூற்றைந்து டிகிரியில் மூச்சுவாங்கிக்கொண்டிருந்த சிப் அறுபதில் வந்து நின்றது. பொத்தானை வலப்பக்கம் தள்ளினார். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதுவரை போனில் மட்டும் கேட்டிருந்த அண்ணியின் சந்தோஷத்தை அன்று அவர் முகத்தில் நேரில் பார்த்தேன்.

"என்ன ஊர்சுத்தி, எங்கயாச்சும் பாத்திருக்கியா இதுமாதிரி?"

"இல்ல அண்ணி."

வெளியே மழை. சற்று நேரத்தில் அண்ணன் வேலை முடிந்து நனைந்துகொண்டே வந்தான். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றான். நான் காபி எடுத்து வந்து அவனிடம் கொடுத்தேன். அப்போதுதான் மேசை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"காபியக் கொட்டாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"டம்ளர் இன்னும் வாய்க்கே போகல" என்றான் அண்ணன்.

திரை அணைந்தது. அண்ணி லேப்டாப்பைத் தூக்கினார். தகடு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். விரிப்பு தெப்பம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரக் கையைப் பார்த்தபடி நின்றார்.

"ஏசில தண்ணி சொட்டுதுன்னு போன் பண்றவங்ககிட்ட தெனம் என்ன சொல்லுவ?" அண்ணன் மெதுவாகத்தான் கேட்டான்.

"காத்துல இருக்கிற ஈரம், குளிர்ந்த எடத்தப் பாத்தா உக்காந்துக்கும்னு சொல்லுவேன்."

"சரி."

"சரின்னு சொல்லாதீங்க."

வேறொருவராக இருந்தால் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். வேறொருவருக்கு லேப்டாப்பின் அடியில் ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் வைக்கத் தோன்றியே இருக்காது.

ஆனால் அண்ணி வருத்தப்படுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குபவரல்ல. பேட்டரியைக் கழற்றினார். உள்ளிருந்த பலகையைப் பிரித்தெடுத்தார். பரணிலிருந்து ஓர் அகலமான இரும்புப் பானை இறங்கியது. ஏசிக் குழாயைப் பற்றவைத்த பிறகு உள்ளே தங்கும் ஈரத்தை உறிஞ்சி எடுக்க அவரிடம் ஒரு வேக்கம் பம்ப் உண்டு. பலகையைப் பானைக்குள் வைத்து, ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரை விளிம்பைச் சுற்றி ஒட்டி, கனமான கண்ணாடிப் பலகையால் மூடி, அதில் துளையிட்டுப் பம்பின் குழாயைப் பொருத்தினார். பம்ப் உறுமியது. யாரோ அழுத்திப் பிடித்ததுபோல் கண்ணாடி பானையோடு இறுகிக்கொண்டது.

"லேப்டாப்ப வேக வைக்கிற மொத ஆளு நீதான்" என்றான் அண்ணன்.

"வேக வைக்கல. காய வைக்கிறேன். தள்ளி நில்லுங்க, உங்க தலையிலிருந்து சொட்டுது."

மறுநாள் மாலை பூட்டிப் பார்த்தபோது லேப்டாப் எழுந்துகொண்டது. ஒலிபெருக்கி மட்டும் ஊமையாகிவிட்டது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு கியர் மாற்றிப் பழகியவர் இனிக் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பரவாயில்லை என்றார்.

தகட்டைப் பழைய ஃப்ரிட்ஜிலேயே திருப்பிப் பூட்டிவிட்டார். அதைச் செய்துகொண்டிருக்கும்போது எனக்கா, தனக்கா என்று தெரியாமல் சொன்னார்: "குளிருன்னு தனியா ஒண்ணும் கெடையாதுடி. உள்ள இருக்கிற சூட்ட வெளிய எடுத்துட்டுப் போறதுதான் எங்க வேலையே. நான் குளிரக் கொண்டாந்து உள்ள ஊத்தினேன் பாரு."

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. சூட்டை வெளியே கடத்துவதற்கென்று சிப்பின்மேல் பூசி, காய்ந்து பொருக்காகியிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதிது தடவினார். குளியலறையில் ஆவியை வெளியே தள்ளும் விசிறியைக் கழற்றி ஜன்னலில் மாட்டி, அதிலிருந்து ஏசி வேலைக்கு வாங்கிய அலுமினியக் குழாயை லேப்டாப்பின் பின்புறம்வரை இழுத்தார். சூடு பிறந்ததும் தெருவுக்குப் போய்விடும். எங்கள் குளியலறைதான் சில நாள் மூச்சுமுட்டியது.

பொத்தானை மறுபடி நகர்த்தத் தொடங்கினார். ஒருகட்டத்தில் திரையில் சாலையோர மரங்களின்மேல் நிறப்புள்ளிகள் தூவியதுபோல் தெரிந்தன, சிப் இதற்குமேல் தாங்காது என்பதற்கு அடையாளம். அண்ணி உடனே ஒரு படி பின்வாங்கினார். "ஏசிக்கு அளவுக்கு மேல கேஸ் ஏத்தினா இருக்கிற கூலிங்கும் போயிடும். இதுவும் அந்த ஜாதிதான்."

காலையில் சோதித்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை. பந்தயம் பிற்பகல் மூன்று மணிக்கு. சோதனையும் மூன்று மணிக்குத்தான். வெயில் இல்லாத நேரத்தில் சோதித்து, ஓடுது என்று சொல்லிவிட்டு வருகிற மெக்கானிக்கை அவருக்குப் பிடிக்காது. சிப்பின் பாரத்தைக் குறைக்க விளையாட்டில் மரங்களின் நிழலை அணைத்து வைத்தார். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை அணைத்தார். பளபளப்பை அணைத்தார்.

"நெழலே இல்லாத ஊரா இருக்கே" என்றான் அண்ணன்.

"பஸ் ஸ்டாண்டா வேணும் உங்களுக்கு?"

கடைசி ஞாயிறு நல்ல வெயில். கம்ப்ரசர்களுக்கு நடுவே அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் பழைய விளையாட்டு ஸ்டியரிங். தொடங்குவதற்குச் சற்று முன், எத்தனையோ மதியங்கள் பிசகாமல் ஓடிய அளவிலிருந்து பொத்தானை இன்னும் ஒரு படி இடப்பக்கம் நகர்த்தினார்.

"ஏன் அண்ணி? இதுவரைக்கும் தாங்குச்சே."

"ஜெயிக்க ஓட்டலடி. இருக்கிறதுக்கு ஓட்டறேன்."

இருபது கார்களும் கிளம்பின. சத்தமே இல்லை, ஜன்னல் விசிறியின் இரைச்சல் மட்டும். அண்ணன் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "இண்டிகேட்டரே போடாம திரும்புறா" என்று என் காதில் முணுமுணுத்தான். ஓரத்தில் சூட்டைக் காட்டும் எண்ணை வாசிப்பது என் வேலை. எண்பத்திரண்டு. எண்பத்துநாலு. அண்ணி பத்தாவதாக ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நிழல்போல் அந்தப் பச்சைக் கார்.

பாதிப் பந்தயத்தில் வாசலில் ஒரு குரல். "மெக்கானிக் இல்லீங்களா?"

"இருக்காங்க" என்றார் அண்ணி, திரும்பாமல். "என்ன ஆச்சு?"

ஐஸ்கிரீம் கடைக்காரர். "ஃப்ரீசரு ஓடலம்மா. எல்லாம் இளகுது."

"டிக்குன்னு ஒரு சத்தம் வந்து அடங்குதா?"

"ஆமாம்மா, விட்டு விட்டு வருது."

"கம்ப்ரசரக் கெளப்புற ரிலே போயிருக்கும். பிளக்கப் புடுங்குங்க. கதவத் தொறந்து தொறந்து பாக்காதீங்க. நாலு மணிக்கு வரேன்." ஒரு வளைவை முடித்து நேர்ச்சாலைக்கு வந்தார். "சூடு சொல்லுடி, வாய மூடிட்டு நிக்கிற."

"எண்பத்தாறு, அண்ணி."

கடைக்காரர் போகவில்லை. கடையில் ஆளிருப்பதாகச் சொல்லி, போன் செய்து பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கடைசிச் சுற்றில் இரண்டு கார்கள் முன்னால் மோதிக்கொண்டு ஒதுங்கின. எண் எண்பத்தொன்பதைத் தொட்டது. தொண்ணூற்றைந்துக்கு இன்னும் ஆறுதான் பாக்கி. படம் திணறவில்லை. அண்ணி இரண்டு கார்களையும் சுற்றிக்கொண்டு போனார். பச்சைக் கார் அவரையொட்டியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், பயமில்லாமல் வந்தது. அப்படியே கோட்டைத் தாண்டினார்கள். எட்டாவது கம்ப்ரசர், ஒன்பதாவது பச்சைக் கார்.

திரையில் நடத்துபவரின் வரி வந்தது: "கம்ப்ரசர், புகார் இல்லை. அடுத்த பருவத்தில் இடம் உண்டு."

அண்ணி அதை ஒருமுறை வாசித்தார். எழுந்து கருவிப் பையை எடுத்தார். "கெளம்பலாமாங்க?" என்றார் ஐஸ்கிரீம் கடைக்காரரிடம். அவர் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணின்னு சொன்னீங்களேம்மா."

"மூணே முக்கால்தான் ஆகுது. சீக்கிரம் வந்தா வேணாம்பீங்களா?"

அடுத்த பருவமும் முடிந்து, அதற்கடுத்ததும் பாதி ஓடியபிறகு, ஒரு மழைநாளில் குழு வழியாக அண்ணியின் போனுக்குப் பச்சைக் காரனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இருவரும் அதுவரை ஒரு சொல் பேசியதில்லை. எனக்கும் அண்ணனுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"கம்ப்ரசர் அண்ணா, ஒரு உதவி. இப்ப என் காரும் தாவுதுன்னு புகார் வருது. லேப்டாப் அடியில ஐஸ் கட்டிப் பை வெச்சுப் பாத்தேன். நல்லா ஓடுச்சு, திடீர்னு அணைஞ்சிடுச்சு. நீங்க என்னதான் பண்றீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, நின்றபடியே தட்டினார்.

"அண்ணா இல்லப்பா, அக்கா. பிளக்கப் புடுங்கு, பேட்டரியக் கழட்டு, ஆன் பண்ணிப் பண்ணிப் பாக்காத. உன் தெருவுல ஏசி மெக்கானிக் யாராச்சும் இருந்தா, வேக்கம் பம்ப் இருக்கான்னு கேளு."